முக்குளிப்புப் பயிற்சியும் அதற்கு வேண்டிய கருவிகளும்



மனிதன் நிலத்தில் வாழப் பிறந்தவன். மீனுக்குச் செவுள் உண்டு; ஆமைக்குத் துடுப்புப் போன்ற கால்கள் உண்டு. மனிதனுக்கோ நீருக்கடியில் வாழ்வதற்குரிய உறுப்பு ஒன்றேனும் இல்லை. அங்கே அவனால் மூச்சுவிட இயலாது. தெளிவாகப் பார்க்க இயலாது. விரைந்து செல்லவோ, உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளவோ இயலாது. இக்குறைகளை ஒவ்வொன்றாக நிறைவு செய்ய அமைந்தவையே முக்குளிப்புக் கருவிகள். பயிற்சி வகுப்பில் கேட்கப்படும் ஒவ்வொரு கருவியும் எக்குறையைத் தீர்க்கின்றது என்பதை அறிந்தால், அவற்றுள் எதனையும் விட்டுவிடலாகாது என்பது தானே விளங்கும்.

முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், கல்லின் பாரத்தால் கீழே இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மேலேறினர். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ என்பவரும், எமீல் கன்யான் என்னும் பொறியியலாளரும், மூச்சை இழுக்கும்பொழுது மட்டும் வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். அதன்பின் நெடுநேரம் நீரினுள் தங்குவது எளிதாயிற்று. இன்று நம் மலேசியாவில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் முதலிய தீவுகளில் முக்குளிப்புப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. பத்து வயது நிரம்பிய சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. ஆதலின், உங்களுள் சிலர் நாளை இப்பயிற்சிக்குச் செல்லக்கூடும்.

முதலாவது கருவி முகமூடிக் கண்ணாடி. நம் கண் காற்றின் வழியே பார்ப்பதற்கென அமைந்தது. நீர் நேராகக் கண்ணில் பட்டால் யாவும் மங்கித் தோன்றும். கண்ணுக்கு முன்னால் சிறிது காற்றை நிறுத்தி வைப்பதே இக்கண்ணாடியின் பணி. நீச்சல் குளத்தில் அணியும் சிறு கண்ணாடி இதற்கு உதவாது. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதனைக் கண்களோடு சேர்த்து அழுத்தும். முகமூடிக் கண்ணாடி மூக்கையும் மூடியிருப்பதால், மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு அவ்வழுத்தத்தைச் சரிசெய்யலாம். வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் பொருத்தி, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பாருங்கள். அது கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், உங்கள் முகத்திற்கு ஏற்றது எனக் கொள்ளலாம்.

நீர்மட்டத்தில் மிதக்கும்பொழுது மூச்சுவிட ஒரு வளைகுழாயும், கால்களுக்கு வலுவூட்டத் துடுப்புக் காலணியும் வேண்டும். காற்றைக் காட்டிலும் நீர் 20 மடங்குக்கும் மேல் விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். ஆகையால் நம் நாட்டுக் கடல் வெதுவெதுப்பாக இருப்பினும் உடலை மூடும் இரப்பர் உடை தேவைப்படுகின்றது. அவ்வுடை மனிதனை மேலே மிதக்கச் செய்யும். அதனை ஈடுசெய்ய ஈயக் கட்டிகளை அணிவர். இடர் நேர்ந்தால் அக்கட்டிகளை ஒரே கையால் கழற்றிவிடும்படி பிடிப்பு அமைந்திருத்தல் வேண்டும். காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பை அடக்கியாளும் மிதவைச் சட்டையும் கட்டாயமானதே.

இனி, உயிர்நாடியான காற்றுக் கலனைக் காண்போம். அதில் பிராணவாயு மட்டும் அடைக்கப்பட்டுள்ளது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தூய பிராணவாயு, சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே உடலுக்கு நஞ்சாகிவிடும். பயிற்சியில் பொதுவாகப் பயன்படுவது, நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றேயாகும். அது மிகுந்த அழுத்தத்தில் கலனுக்குள் அடைக்கப்படுகின்றது. ரெகுலேட்டர் என்னும் சீராக்கி அவ்வழுத்தத்தைக் குறைத்து வாய்க்கு அனுப்புகின்றது. அச்சீராக்கியில் வாயில் வைக்கும் பகுதி இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்று தமக்கு, மற்றொன்று காற்றை இழந்து தவிக்கும் தோழருக்கு.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டுள்ளது. 50 பார் அளவைச் சேமமாக ஒதுக்கினால், பயன்படுத்த எஞ்சுவது 150 பார். அதாவது ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று. ஒருவருக்கு நிமிடத்திற்கு 20 லிட்டர் தேவையெனில், நீர்மட்டத்தில் அது 90 நிமிடத்திற்குப் போதும். ஆனால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் 45 நிமிடமே வரும். 20 மீட்டரில் மூன்று மடங்காவதால் 30 நிமிடமே வரும். காற்றின் இருப்பைக் காட்டும் அழுத்தமானியும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவிகளும் ஏன் கட்டாயம் என்பதை இக்கணக்கே உணர்த்தும். அச்சத்தில் மூச்சிரைத்தால் இந்நேரம் மேலும் குறையும்.

கண்ணாடி, வளைகுழாய், காலணி ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குவோர் பலர். ஏனையவற்றைப் பயிற்சி நிலையங்களே பெரும்பாலும் இரவல் தரும். ஆயினும், கருவிகளை அணிந்துவிட்டதனால் மட்டும் ஒருவர் முக்குளிப்பாளர் ஆகிவிடுவதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிறைந்த காற்று, நீர்மட்டத்திற்கு வரும்பொழுது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழிந்து உயிரே போகக்கூடும். இதனைத் தடுக்க ஒரு கருவியும் இல்லை. 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்னும் பயிற்சியே தடுக்கும். மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவதும், உடலில் கரைந்த நைட்ரஜன் தீங்கின்றி வெளியேறும் பொருட்டுக் கற்பிக்கப்படுகின்றன.

அதனாலன்றோ நீந்தத் தெரிகின்றதா, உடல்நலம் தக்கதா என்பதை முதலில் ஆராய்கின்றனர்! பின்னர், ஆழமற்ற அமைதியான நீரில், கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றவும், வாயினின்று நழுவிய சீராக்கியைத் தேடி எடுக்கவும், தோழரோடு காற்றைப் பகிரவும் பழக்குகின்றனர். இவற்றில் தேறியவரே கடலுக்கு அழைத்துச் செல்லப்படுவர்.

நீரில் இறங்குமுன் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் கருவிகளை மற்றவர் சரிபார்ப்பர். மிதவைச் சட்டை, ஈயக் கட்டி, பிடிப்புகள், காற்று என ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்த பின்னரே இறங்குவர். தன் கண்ணுக்குப் புலப்படாத பிழை தோழரின் கண்ணுக்குப் புலப்படும். எத்தனை விலையுயர்ந்த கருவிகள் இருப்பினும், துணையின்றித் தனியே இறங்குதல் தொடக்கப் பயிற்சியில் கூடாது.

மாணவச் செல்வங்களே! கடலுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கே அமையலாம். ஆற்றங்கரைக்கும் பழைய ஈயக் குட்டைக்கும் செல்லும் ஆசையோ பலருக்கும் உண்டு. எல்லாக் கருவிகளும் அணிந்து, நன்கு பயின்றவரே துணையோடு இறங்கும்பொழுது, கருவியும் பயிற்சியும் இல்லாத நாம் பெரியோர் துணையின்றி இறங்கலாமா? நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அதன் தன்மையை அறியாது இறங்குதல் அறிவுடைமை ஆகாது. முறையாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். எந்நாளும் தனியே நீரில் இறங்காதீர்கள்.