ஒரு தெருவுக்கு எத்தனை அலுவலகம்?

தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகிறீர்கள். பல்பு போயிருந்தால் அது பேரூராட்சியின் வேலை. பல்பைத் தாங்கும் கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியத்தின் வேலை. கம்பத்தடியில் சாலை குழியாகக் கிடந்தால், அது உள்தெருவா நெடுஞ்சாலையா என்று பார்க்க வேண்டும். ஊர் நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. குழியில் நிற்கும் தண்ணீர் குழாய் உடைந்து வருவதென்றால், உடைந்தது ஊர்க் குழாயா, ஆற்றிலிருந்து வரும் பெருங்குழாயா என்பது அடுத்த கேள்வி. பெருங்குழாய் என்றால் பொதுவாகத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திடம் போக வேண்டும். இருட்டில் அந்தக் குழியில் வண்டியோடு விழுந்தவரை ஏற்றிப்போக 108 ஆம்புலன்ஸ் வர வேண்டும், வழக்குப் பதியக் காவல்துறை வர வேண்டும். இத்தனையும் பத்தடி இடத்துக்குள்.

சிறிய ஊர்களின் நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பத்தடி போதும். தண்ணீர், சாலை, பாதுகாப்பு என்று அலுவலகத்தில் தனித்தனிக் கோப்புகள் இருக்கலாம். தெருவில் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. சாலைக்கு அடியில் குழாய், ஓரத்தில் சாக்கடை, தலைக்கு மேல் மின்கம்பி. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.

தமிழ்நாட்டில் 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது 490 பேரூராட்சிகள் இருந்தன. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் நிற்கும் அமைப்பு இது. வார்டு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசு நியமிக்கும் செயல் அலுவலர் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறார். அவருக்குக் கீழே சில எழுத்தர்கள், வரி வசூலிக்கும் பில் கலெக்டர்கள், குழாய் பார்க்கும் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலான ஊர்களில் ஆள்பலம் இவ்வளவுதான். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். ‘எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று வீட்டு வாசலில் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாத காலம் அது. சிறிய ஊரில் அது பெரிய இழப்பு.

தண்ணீர்தான் பேரூராட்சியின் அன்றாடத் தலைவலி. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் அளவு. 20,000 பேர் உள்ள ஊருக்கு இது 14 லட்சம் லிட்டர். இரண்டு லட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டியை நாளுக்கு ஏழு முறை நிரப்பி இறக்கினால்தான் கணக்கு நேராகும். மின்சாரம், மோட்டார், நிலத்தடி நீர், ஆற்று நீர் எதில் தடங்கல் வந்தாலும் ஒரு முறை குறையும். அப்போது ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று முறை வைப்பார்கள். கோடையில் அது நான்கு நாளுக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று நீளும் ஊர்கள் உண்டு.

ஊர்க் கிணறும் ஆழ்துளைக் கிணறும் போதாதபோது கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருகிறது. 1971-ல் தொடங்கப்பட்ட குடிநீர் வடிகால் வாரியத்தின் முக்கியமான வேலை இது. காவிரித் தண்ணீர் ராமநாதபுரம் கடலோரம் வரை குழாயில் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால் ஒகேனக்கல் திட்டம் வந்தது. இந்தத் திட்டங்கள் இல்லாமல் பல ஊர்கள் பிழைத்திருக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படித் தண்ணீர் வாங்கும் ஊர் குழாயின் ஏதோ ஒரு நடுப்புள்ளியில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மோட்டார் நின்றாலும், சாலை விரிவாக்கத்தில் ஜேசிபி குழாயைக் கிழித்தாலும், இங்கே தொட்டி காலி. செயல் அலுவலரால் போன் செய்து கேட்க முடியும், சரிசெய்ய முடியாது.

வந்த தண்ணீரைப் பங்கிடுவது தனிக் கலை. தொட்டியிலிருந்து எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் பள்ளத்துத் தெருக்கள் இழுத்துக்கொள்ளும். மேட்டுத் தெருவுக்குச் சொட்டும் வராது. அதனால் பகுதி பகுதியாக வால்வைத் திறந்து மூட வேண்டும். தண்ணீர் திறந்துவிடுபவர் அதிகாலையில் நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளில் வருவார். சாலை ஓரத்துக் குழியின் மூடியைத் தள்ளி, சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, எதை முழுக்கத் திறந்தால் அடுத்த தெருக் குழாய் வெடிக்கும், எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் பின்னால் வளைகிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். பல ஊர்களில் குழாய்களின் முழு வரைபடம் காகிதத்தில் கிடையாது, அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் பேரூராட்சிகள் அதை வரைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கில் திட்டம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, செலவும் அதிகமில்லை.

தண்ணீர் சுத்தமாக இருப்பதும் குழாயைப் பொறுத்ததுதான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். புது மூட்டையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரத்தில் வைத்தால் வீரியம் இறங்கிவிடும். கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துத் துளி விட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும். சோதனையைத் தொட்டியடியில் செய்துவிட்டுப் போனால் பயனில்லை. கடைசி வீட்டில் செய்ய வேண்டும்.

ஏனென்றால் கேடு வழியில்தான் சேர்கிறது. வீட்டு இணைப்புக் குழாய்கள் பல தெருக்களில் சாக்கடையைக் குறுக்கே கடந்து, சில இடங்களில் அதற்குள்ளேயே மூழ்கி, வாசலுக்குப் போகின்றன. தண்ணீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருப்பதால் ஆபத்தில்லை. வால்வை மூடியதும் குழாய் காலியாகிறது; அழுத்தம் இறங்குகிறது; விரிசல் இருந்தால் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. வீட்டில் மோட்டார் வைத்து நேரடியாகக் குழாயிலிருந்து உறிஞ்சினால் இந்தக் கசிவு இன்னும் மோசமாகும். பேரூராட்சி ஆட்கள் மோட்டாரைப் பறிமுதல் செய்ய வரும்போது ஊரில் சண்டை நடக்கிறது. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேராதது பாதிக் காரணம்தான். அந்த உறிஞ்சல் தெரு முழுக்க வயிற்றுப்போக்கைக் கொண்டுவரக்கூடியது என்பதைச் சொன்னால் சண்டை குறையும் என்று நம்புகிறேன்.

இனி சாலை. தார்ச்சாலை பழுதானால் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் ஊற்றுவது நீண்ட காலப் பழக்கம். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயரும். இருபது ஆண்டில் வீட்டு வாசல் தெருவுக்குக் கீழே போய்விடும். மழை பெய்தால் தண்ணீர் திண்ணையைத் தாண்டி உள்ளே வரும். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவைத் தெருவில் நின்று பார்க்க ஆள் வேண்டும். ஒப்பந்ததாரர் சாலை போடும் அன்று வால்வுக் குழியின் மூடி எங்கே என்று பார்க்காமல் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போவதும் நடக்கிறது. மறுநாள் தண்ணீர் திறந்துவிட வருபவர் கடப்பாரையால் தட்டித் தட்டி வால்வைத் தேடுவார். புதுச்சாலையில் முதல் குழி அங்கேதான் விழுகிறது.

இரண்டாவது குழி குழாய் பதிக்கும்போது விழும். 2021 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டம் பேரூராட்சிகளுக்கும் புதுக் குழாயும் தொட்டியும் கொண்டுவருகிறது. சாலைப் பணத்துக்கு வேறு திட்டம், வேறு காலக்கெடு. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்று சாலையை முதலில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குழாய்க்காக வெட்டினால், சாலையும் போச்சு, பணமும் போச்சு. முதலில் குழாய், அடுத்து சாக்கடை, கடைசியாகச் சாலை. இந்த வரிசையைப் பேரூராட்சி மன்றம் தீர்மானமாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் தாங்களே சிமெண்டைக் கொட்டி மேடு கட்டுவது பரிவால் செய்வதுதான். ஆனால் இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். வெள்ளைக் கோடும் முன்னெச்சரிக்கைப் பலகையும் வேண்டும். கைக்கு வந்தபடி கட்டிய குறுகலான மேட்டில், இரவில் பின்சீட்டில் குழந்தையோடு வருபவர் தூக்கி எறியப்படுகிறார். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் அந்தத் துறைக்கும், ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் எழுதுவதுதான் வழி. தாமதமாகும், ஆனாலும் அதுதான் வழி.

இனி பாதுகாப்பு. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கக்கூடிய 18 பொருள்களைப் பட்டியலிட்டது. குடிநீர், சாலை, தெருவிளக்கு அதில் உண்டு, தீயணைப்பும் உண்டு. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநிலத் துறையாகவே இருக்கிறது. ஒரு ஊரில் தீப்பிடித்தால் வண்டி பக்கத்து ஊரிலிருந்து வரலாம். அது சுமந்து வரும் சில ஆயிரம் லிட்டர் முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீரும். அப்போது மறுபடி எங்கே நிரப்புவது, தொட்டிச் சாவி யாரிடம், கடைத்தெருவின் கூரை நீட்டல்களுக்கும் தாழ்ந்த கம்பிகளுக்கும் நடுவே வண்டி நுழையுமா என்பதெல்லாம் பேரூராட்சியின் பொறுப்பில் வந்து விழும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ம் தேதி பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். கட்டட அனுமதிக் கோப்பில் போடும் கையெழுத்து எவ்வளவு பெரிய காரியம் என்பதை அதற்குப் பிறகு யாரும் மறக்கக் கூடாது.

பெருவெள்ளம் வரும்போது அலுவலகங்களுக்கு நடுவே உள்ள எல்லாக் கோடுகளும் ஒரே இரவில் அழிகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம் பேரூராட்சி தனித்தீவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது; தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப்போயிருந்தது. சிலர் பக்கத்துப் பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். 19-ம் தேதி மீட்புப் படை வந்து சேரும் வரை ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்து ஊரான புதுக்குடியின் மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். தங்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நேரத்தில் அவர்கள் செய்தது அது. ஆற்றுப்படுகையில் இருந்த குடிநீர்க் கிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமடைந்ததால், வெள்ளம் வடிந்தபின் சுற்றுவட்டாரத்தின் பல பகுதிகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சட்டப்படி பேரிடர் நிர்வாகம் ஆட்சியரிடமும் வருவாய்த் துறையிடமும் இருக்கிறது. முதல் நாள் இரவு ஊரில் இருப்பவர்கள் பேரூராட்சி ஊழியர்களும் அக்கம்பக்கத்தவருமே. தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டர், உயரமான ஒரு பள்ளி, படகு வைத்திருப்பவர்களின் பட்டியல் இவை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

உத்திரமேரூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், அந்த ஊர்ச் சபைக்கு ஏரி வாரியம் என்ற தனிக் குழு இருந்தது பதிவாகியிருக்கிறது. எல்லாரும் குடவோலைத் தேர்தல் முறையைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கவர்வது ஏரியின் பொறுப்பு ஊரிலேயே இருந்தது என்பதுதான். இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. ஏரி நீர்வளத் துறையிடம். பொறியியல் காரணங்கள் இருக்கலாம். ஆனால் தன் நிலத்தடி நீரை ஊட்டும் ஏரியின் மதகையோ வரத்துக் கால்வாயையோ பற்றி முடிவெடுக்க முடியாத ஊர், தண்ணீருக்கு இன்னொருவர் கையைப் பார்த்தே நிற்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது? சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எழுந்த கோபம் நியாயமானது. பல ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்து ஒரேயடியாக ஏற்றியதில்தான் வலி. இதற்கு மேல் மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி வரும் பங்கும், ஒன்றிய நிதிக்குழு மானியமும், திட்ட நிதியும் உண்டு. திட்டப் பணத்தின் பெரும்பகுதி புதிதாகக் கட்டுவதற்கு. மோட்டாருக்கும் விளக்குக்கும் மாதாமாதம் வரும் மின்கட்டணம், வால்வுக்கு வாஷர், பிளீச்சிங் பவுடர், ஃபிட்டரின் சம்பளம் போன்ற திறப்பு விழா இல்லாத செலவுகளுக்கு உள்ளூர் வரிதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ஆகவே வரி கட்டாமல் இழுத்தடிக்கும் பெரிய வணிக வளாகம் முதலில் பறிப்பது மேட்டுத் தெருவின் தண்ணீரை.

புகார் எழுதும்போது சில விவரங்களைச் சேர்த்தால் கோப்பு வேகமாக நகரும். விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண். தண்ணீர் என்றால் கடைசியாக வந்த தேதி, எத்தனை நிமிடம் வந்தது, தெருவில் எத்தனை வீட்டுக்கு வரவில்லை. கலங்கல் என்றால் பாட்டிலில் பிடித்த தண்ணீரோடு நேரில் போக வேண்டும். குழி என்றால் பக்கத்துக் கடையின் பெயரோ கிலோமீட்டர் கல்லோ. மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ‘இது எங்களுடையது இல்லை’ என்று சொன்னால், யாருடையது என்பதை அந்த மனுவின் ஓரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு போகும்போது அடுத்த அலுவலகம் உங்களைத் திருப்பி அனுப்புவது கடினம்.