பக்கத்து மனை: அவசரப்பட்டு வாங்கியவன் சொல்லும் கணக்கு



சென்ற மாதம் நமது சங்க உறுப்பினர் ஒருவர், வயதில் என் மகனைப் போன்றவர், என் கடைக்கு வந்தார். "ஐயா, கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மனை விலைக்கு வருது. கொஞ்சம் கோர்ட்டு வழக்கு இருக்காம். அதனாலதான் விலை குறைச்சுச் சொல்றாங்க. வண்டி நிறுத்தத் தினமும் பக்கத்துக்காரரோட சண்டையா இருக்கு. வாங்கிப் போட்டுட்டா தொல்லை தீரும்ல?" என்று கேட்டார்.

அவரை உட்காரவைத்து என் கதையைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். நான் படித்தது பள்ளிப் படிப்பு வரைதான். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு மனைக்காகப் பத்து வருடம் அலைந்து பணம் கட்டிப் படித்த பாடம் இது.

தெரு குறுகல், லாரி பெரிது

சின்னாளப்பட்டி நெசவாளர் ஊர். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. பாவு விரித்து நெசவு வேலை பார்த்த தெருக்களில்தான் பின்னாளில் கடைகள் வந்தன. மாட்டு வண்டியில் சரக்கு வந்த காலத்துக்கு அந்தத் தெருக்கள் போதும். 200 மூட்டை ஏற்றிய லாரி வந்து நின்றால் என்ன ஆகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. சென்னையில் கொத்தவால் சாவடியில் தலைமுறை தலைமுறையாக நடந்த காய்கறி மொத்த வியாபாரத்தை இட நெருக்கடி காரணமாக 1996-ல் கோயம்பேட்டுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அரசாங்கம் புதுச் சந்தை கட்டிக் கொடுத்தால் போகலாம். ஒற்றைக் கடைக்காரர் எங்கே போவார்? பக்கத்தில் காலி மனை இருந்தால் அதில் லாரியை நிறுத்துவார். நானும் அதைத்தான் செய்தேன்.

என் பலசரக்கு மொத்தக் கடைக்கும் அடுத்த இரும்புக் கடைக்கும் நடுவில் ஒரு காலி மனை இருந்தது. முகப்பு 32 அடி, நீளம் 81 அடி. ஏறக்குறைய 6 சென்ட். அதன் சொந்தக்காரர் ஒரு நூல் வியாபாரி. தன் சம்பாத்தியத்தில் வாங்கியவர். "காலியாத்தானே கிடக்கு, நிறுத்திக்கங்க" என்று எங்கள் இருவரிடமும் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அவர் உயில் எழுதாமல் காலமானார். மனைவி முன்பே போய்விட்டார். மகன்கள் மூவர். ஒரு மகள், வெளியூரில் கட்டிக் கொடுத்தது. 1995-ல் இரண்டாவது மகன் பாகம் கேட்டு அண்ணன் மேல் வழக்குப் போட்டார்.

காற்றைப் பிடுங்கிய தீபாவளி

1997 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, சர்க்கரையும் மைதாவும் ஏற்றிய என் லாரி வந்தது. மனையின் வாசலை மறித்துக்கொண்டு இரும்புக் கடைக்குக் கம்பி லோடு நின்றது. எடுக்கச் சொன்னேன். "இறக்கி முடிஞ்சதும் எடுக்கிறோம்" என்றார்கள். மழை வேறு. மூட்டைகள் நனைந்தன. வார்த்தை தடித்தது. மறுநாள் காலை என் லாரியின் இரண்டு டயரில் காற்று இல்லை. பதிலுக்கு என் கடைப் பையன்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் இங்கே எழுத வெட்கப்படுகிறேன். விஷயம் காவல் நிலையம் வரை போயிற்று.

அந்தச் சூட்டில்தான் மூத்த மகன் என்னைத் தேடி வந்தார். "மனை முழுக்க என் பேருக்குத்தான் அப்பா சொல்லியிருக்கார். தம்பி போட்டது வெத்து வழக்கு. நீங்க பக்கத்துக் கடைக்காரரு, உங்களுக்கே தர்றேன்" என்றார். சந்தை விலைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் பெறும் மனை. அவர் கேட்டது ஒன்றரை லட்சம்.

மலிவு என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். இரும்புக் கடைக்காரரை அந்த மனைக்குள் கால் வைக்க விடக்கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. 1998 ஜனவரியில் பத்திரம் பதிந்தேன்.

வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை

"வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். கோர்ட்டில் ஒரு வழக்கு நடப்பது அதில் தெரிந்தே தீரும் என்பது இல்லை. வாய்மொழிப் பாகம், பதியாத ஒப்பந்தம், பழக்கத்தில் உள்ள நடைபாதை எதுவும் தெரியாது.

1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வழக்கு நடக்கும்போது அந்தச் சொத்தை ஒருவர் விற்றால் அந்த விற்பனை அடியோடு செல்லாது என்பது இல்லை. ஆனால் வாங்கியவர் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். "வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும் தப்ப முடியாது. எனக்கோ தெரிந்தே இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதே சங்கதியைப் பேசியது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு நிலுவையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத் திருத்தம் இருக்கிறது, மற்ற இடங்களிலும் அப்படி இருந்தால் வாங்குகிறவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பில் எடுத்துச் சொன்னார்கள். சான்று சுத்தமாக இருக்கிறது என்று நம்பிக் கெட்டவர்கள் நாடெங்கும் இருந்திருக்கிறார்கள்.

மனை போயிற்று, வழியும் போயிற்று

பத்திரம் கைக்கு வந்ததும் கல்தூண் ஊன்றி முள்வேலி போட்டேன். இரும்புக் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது மகன் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். தீர்ப்பு வரும் வரை யாரும் மனைக்குள் நுழையக் கூடாது என்று ஆயிற்று.

முன்பு சண்டை போட்டுக்கொண்டாவது இருவரும் லாரி நிறுத்தினோம். காசு கொடுத்து வாங்கிய பிறகு யாருமே நிறுத்த முடியவில்லை. மனையில் கருவேல முள் முளைத்தது. என் லாரி தெருக்கோடியில் நின்றது. அங்கிருந்து தள்ளுவண்டியில் மூட்டை வந்தது. ஒரு மூட்டைக்கு இரட்டைக் கூலி. இட நெருக்கடிக்காக வேறு தெருவில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஒரு குடோன் பிடித்தேன்.

என்னையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, மகளை யாருமே வழக்கில் சேர்க்கவில்லை என்று. அவரையும் சேர்த்து மறுபடி ஆரம்பித்தது. 2003-ல் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. நால்வருக்கும் சமபாகம். கோர்ட்டு ஆணையர் வந்து அளந்து, 2007-ல் இறுதித் தீர்ப்பாணை ஆயிற்று. எனக்கு விற்றவரின் பங்கு நாலில் ஒன்று, ஒன்றரை சென்ட். அதுதான் எனக்கு. அதுவும் மனையின் பின்பக்கம் 20 அடி. லாரி போக வழியில்லை.

விற்றவர் மேல் பணம் கேட்டு வழக்குப் போடலாமே என்றார் வக்கீல். சட்டப்படி போடலாம்தான். ஆனால் அவர் அந்தப் பணத்தை எப்போதோ கரைத்து விட்டார். இல்லாதவரிடம் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது?

கணக்கை எழுதிப் பார்த்தேன். மனைக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம். குடோன் வாடகை மட்டும் பத்து வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். பத்திரச் செலவு, வக்கீல் செலவு, இரட்டைக் கூலி எல்லாம் தனி. திண்டுக்கல் கோர்ட்டு வாசலில் நான் நின்ற நாட்களில் கல்லாவில் உட்காராத நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இரும்புக் கடைக்காரர் செய்தது

2008-ல் மற்ற மூவரின் பங்கையும், அதாவது முன்பக்கம் நாலரை சென்ட்டையும், இரும்புக் கடைக்காரர் வாங்கினார். வழக்கு முடியும் வரை பொறுத்திருந்து, அண்ணன் தம்பி தங்கை மூவரும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போட, சுத்தமாக வாங்கினார். இனி நம் பாடு அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

பதிவு முடிந்த மறுவாரம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். பதினோரு வருடம் முகம் பார்த்துப் பேசாதவர். "அண்ணே, உங்க பின் இடத்துக்கு வழி இல்லாம என்ன செய்வீங்க? உங்க சுவரை ஒட்டி 12 அடி விடுறேன். எனக்கும் கம்பி லாரி திரும்ப இடம் பத்தாது. உங்க பின் இடத்தைத் திறந்து விடுங்க. ரெண்டு பேரும் எழுதிப் பதிஞ்சுக்குவோம்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். காற்றைப் பிடுங்கியது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே வழிப்பாத்தியப் பத்திரம் பதிந்தோம். காலை 9 மணி வரை கம்பி லோடு, பகல் 2 மணிக்கு மேல் பலசரக்கு லோடு. இன்று வரை அப்படியே நடக்கிறது. இந்த ஏற்பாட்டை 1997-லேயே, நூல் வியாபாரியின் பிள்ளைகள் நால்வரையும் வைத்துப் பேசியிருந்தால் இத்தனையும் மிச்சம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அந்த இளைஞருக்கு நான் சொன்னவற்றை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாரிசுச் சான்றைப் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணுங்கள். இந்து ஒருவர் சுயமாகச் சம்பாதித்து, உயில் இல்லாமல் இறந்தால், 1956-ம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபாகம். பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் பெண்களுக்குப் பங்கு வந்துவிட்டது. "கட்டிக் கொடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

2. வாரிசுகளில் மைனர் இருந்தால் கோர்ட்டு அனுமதி இல்லாமல் அவர் பங்கை வாங்காதீர்கள். மேஜரான பின் 3 வருடத்துக்குள் அவர் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

3. மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, நில அளவை வரைபடம் நான்கையும் ஒத்துப் பாருங்கள். பட்டா மட்டுமே உரிமைக்குச் சாட்சி ஆகாது. சர்வேயரைக் கொண்டு அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

4. வழக்கு உண்டா என்று தனியாகத் தேடுங்கள். இப்போது ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வழக்குக்கு வக்கீலை விட்டுக் கோர்ட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் பொது அறிவிப்பும் கொடுங்கள்.

5. பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

6. அந்த மனை வழியாக யாராவது 20 வருடமாகத் தடையில்லாமல், உரிமையாகப் போய் வருகிறார்களா என்று விசாரியுங்கள். 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி அவருக்கு வழிப்பாத்தியம் உண்டாகியிருக்கலாம். சொந்தக்காரர் அனுமதித்து வண்டி நிறுத்தியது அந்தக் கணக்கில் சேராது.

7. வழக்குள்ள மனைதான் வேண்டும் என்றால், எல்லாப் பங்காளிகளையும் சமரசத்துக்குக் கொண்டு வாருங்கள். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது கோர்ட்டுத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதன் பிறகு எல்லோரிடமும் சேர்த்து வாங்குங்கள். நாலு காசு கூட ஆனாலும் பரவாயில்லை.

8. வாங்கிய அன்றே வேலி போட ஓடாதீர்கள். அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினால், பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி உண்டு.

இன்னொன்றும் சொன்னேன். கடைக்கு முன்னால் உள்ள சாலை நமக்குச் சொந்தம் அல்ல. எதிரில் நாற்காலியும் கல்லும் போட்டு இடம் பிடிப்பதால் சண்டைதான் மிச்சம். ஒரு தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து, எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் லோடு என்று ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்து வைத்தால் பாதித் தகராறு குறையும்.

அந்த இளைஞர் கிளம்பும்போது, "அப்ப வாங்க வேண்டாம்னு சொல்றீங்களா ஐயா?" என்றார். "வாங்கு தம்பி. ஆனா மொதல்ல பக்கத்துக் கடைக்காரர்கிட்ட போய்ப் பேசு. அப்புறம் வக்கீல்கிட்ட போ. அட்வான்ஸ் கடைசியில கொடுக்கலாம்" என்றேன். போன வாரம் வந்தார். பங்காளிகள் ஐந்து பேரில் நாலு பேர் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார்களாம். ஐந்தாமவர் திருப்பூரில் இருக்கிறாராம். அவரைப் பார்க்க இவரும் பக்கத்துக் கடைக்காரரும் ஒரே காரில் போகிறார்களாம்.