ஐஸ்கட்டிக்கு ஓர் ஐந்தொகை!

சொகுசுக் கப்பல் என்றதும் உங்கள் மனத்திரையில் என்ன ஓடுகிறது? நீல நீச்சல் குளம், கறுப்புக் கண்ணாடி, குடை செருகிய ஜூஸ், டெக்கில் குப்புறப் படுத்து வெயில் காயும் வெள்ளைக்காரர்கள்... சரிதானே? அத்தனையையும் அழித்துவிடுங்கள். அலாஸ்கா போகும் கப்பலில் அதே டெக்கில் எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள். தலையில் குல்லாய், கழுத்தில் மப்ளர், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. மார்கழி மாதத்து மாம்பலம் பால் பூத் க்யூ, அப்படியே கடலில் மிதக்கிற மாதிரி!

மூன்று வருடச் சேமிப்பைக் கரைத்து ஒரு ஜூன் மாதத்தில் ஏழு ராத்திரி இப்படி மிதந்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பியதும் நண்பர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏம்ப்பா, ஐஸைப் பார்க்கவா இவ்வளவு காசு? ஃப்ரிட்ஜைத் திறந்தா தெரியுமே!"

பி.காம். படித்தவனிடம் இப்படிக் கேட்டால் கணக்கைத்தான் எடுத்து வைக்க முடியும். இதோ...

இரண்டு சென்ட் நிலம்

அலாஸ்கா, அமெரிக்காவின் மாநிலம்தான். ஆனால் நடுவில் கனடா உட்கார்ந்திருக்கிறது. 1867-ல் ரஷ்யா இதை அமெரிக்காவுக்கு 72 லட்சம் டாலருக்குக் கிரயம் செய்து கொடுத்தது. ஏக்கர் சுமார் இரண்டு சென்ட்! பிறகு அங்கே தங்கமும் பெட்ரோலும் கிடைத்தன. நம்மூர் ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் இந்தக் கதையைக் கேட்டால் அன்று ராத்திரி தூங்க மாட்டார்கள்.

கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை போகும். சியாட்டில் அல்லது கனடாவின் வான்கூவரில் ஏற வேண்டும். நான் ஏறியது சியாட்டிலில். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று மூன்று ஊர்கள், கிளேசியர் பே என்கிற பனியாற்று விரிகுடாவில் ஒரு நாள், கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம்.

இந்தக் கடைசி சாயங்காலத்தில்தான் நமக்கு வேட்டு. 1886-ல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் பயணிகளை ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று எங்கோ பதிவானவை. ஆகவே விக்டோரியா. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். 'நான் இறங்கவே மாட்டேன் சார், ரூமிலேயே இருக்கேன்' என்றாலும் விட மாட்டார்கள்.

டிக்கெட் என்பது முன்னுரை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற கட்டணம், அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஒரு தலைக்கு. பிரம்மச்சாரிகளே, உஷார்! தனியாகப் போனால் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் காசையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். கல்யாணம் ஆகாததற்குக் கடலிலும் அபராதம். குறட்டை விடாத நண்பன் ஒருவனைத் தேடிப் பிடித்துக்கொண்டு போவது உத்தமம்.

மூன்று வேளைச் சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம். சைவம் என்று புக் செய்யும்போதே சொல்லிவிட்டால் சமாளிக்கலாம். பஃபேயில் ஏதாவது ஒரு பருப்பு, ஏதாவது ஒரு 'கறி' தலை காட்டும். தயிர் உண்டு. ஆனால் வீட்டில் கட்டிய புளியோதரையைப் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் தடை. தீ விபத்துக்குத்தான் கப்பல்காரர்கள் அதிகம் பயப்படுவார்களாம். ஆக, ஏழு நாளும் கசங்கிய சட்டைதான். கவலை வேண்டாம், மேலே போட்டிருக்கும் ஜாக்கெட்டை நீங்கள் கழற்றப் போவதில்லை.

மது, இன்டர்நெட், ஊர்களில் இறங்கிச் சுற்றுவது எல்லாம் தனிக் கணக்கு. அப்புறம் ஊழியர்களுக்கான டிப்ஸ். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை அவர்களே உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு பேருக்கு ஏழு நாளைக்குப் பெருக்கினால் 210 முதல் 280 டாலர். கவுன்ட்டரில் போய் 'வேண்டாம்' என்று சொல்லி இதை நீக்கவும் பல கப்பல்களில் வழி உண்டு. சாமர்த்தியசாலிகள் சிலர் செய்கிறார்கள். நீங்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். அறையைப் பெருக்கித் துண்டில் யானை பொம்மை செய்து வைத்துவிட்டுப் போகிற பையன் பிலிப்பைன்ஸ்காரனாகவோ, இந்தோனேஷியனாகவோ, நம்மாளாகவோ இருப்பான். ஆறு முதல் ஒன்பது மாத கான்ட்ராக்ட், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை?

குளிர், மழை, இன்னும் கொஞ்சம் மழை

ஜூன், ஜூலையில் பகலில் 10 முதல் 18 டிகிரி. 'ப்பூ, கொடைக்கானல்!' என்று நினைக்கலாம். கொடைக்கானல் நகராது. கப்பல் நகரும். அந்தக் காற்று, டெக்கில் நின்றவனின் காதைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, பனியன், மெல்லிய கம்பளி, மேலே மழை புகாத ஜாக்கெட் என்று வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் போடுவதே சரி. கையுறை, காலுறை இரண்டு ஜோடி. குடை வேண்டாம், ஒரே நிமிடத்தில் அது கனடாவுக்குப் போய்விடும்.

கெட்சிகனில் வருடத்துக்குப் பெய்கிற மழை, சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர், 'திரவ வெயில்'!

ஸ்காக்வேயில் ஒரு குட்டி ரயில் மலை ஏறும். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த பாதை. எல்லாம் கிளாண்டைக் தங்கத்துக்காக. அந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இருந்தால்தான் கனடா போலீஸ் எல்லைக்குள் விடுமாம். ஒவ்வொருவனும் அந்த மூட்டைகளைத் தவணை முறையில் அதே மலையில் திரும்பத் திரும்பச் சுமந்திருக்கிறான். இ.எம்.ஐ. கட்டுகிறவர்களுக்கு அந்த வலி புரியும்.

வெள்ளை இடி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளேசியர் பேக்குள் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலத்துக்கு ஐஸ் சுவர். நிறம் வெள்ளை இல்லை, நீலம். பல வருடப் பனி அழுந்தி அழுந்தி இறுகிப்போனதால், ஒளியில் உள்ள சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே அனுப்புகிறது.

ஆயிரக்கணக்கான பேர் இருந்த டெக்கில் பேச்சே இல்லை. சுவரிலிருந்து ஒரு துண்டு, மாடி வீடு அளவுக்கு, சத்தமில்லாமல் சரிந்தது. ஒரு நொடி கழித்துத்தான் இடிச் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் இதை 'வெள்ளை இடி' என்கிறார்கள்.

ரேஞ்சர் சொன்ன கணக்கு இது: 1794-ல் இங்கே கப்பல்கள் வந்தபோது விரிகுடாவே இல்லை. வாசலிலேயே ஐஸ் மறித்து நின்றது. இன்று அந்த வாசலிலிருந்து உள்ளே 65 மைல் வரை தண்ணீர். அந்தப் பழைய பின்வாங்கல் பெரும்பாலும் இயற்கையின் வேலை. ஆனால் இப்போது அலாஸ்காவின் பனியாறுகள் உருகும் வேகத்தில் நாம் விடும் புகைக்கும் பங்கு உண்டு. (எங்கள் கப்பலும் புகை விட்டுக்கொண்டுதான் நின்றது.)

பனியாற்றை ஆராய்கிறவர்கள் போடுவதும் அசல் வரவு செலவுக் கணக்குதான். குளிர்காலப் பனி வரவு, கோடையில் உருகுவது செலவு. வருடக் கடைசியில் மீதி பார்ப்பார்கள். பல பனியாறுகள் இப்போது சேமிப்பை எடுத்துத் தின்றுகொண்டிருக்கின்றன.

அதற்கு வட்டி கட்டுகிறவர்கள் ஜூனோக்காரர்கள். ஊருக்கு 12 மைல் தள்ளி மெண்டன்ஹால் பனியாறு. அதன் பக்கத்தில் வேறொரு பனியாறு சுருங்கிப் போனதால் ஒரு பெரிய பள்ளம் உண்டாகி, அதில் மழையும் உருகிய நீரும் தேங்குகிறது. மெண்டன்ஹால்தான் அதற்கு அணை. நீர் ஏறினால் ஐஸுக்கு அடியில் வழி பண்ணிக்கொண்டு பாய்ந்துவிடும். 2011-லிருந்து இந்தத் தொல்லை. 2023 ஆகஸ்டில் ஆற்றங்கரை வீடு ஒன்று அப்படியே சரிந்து வெள்ளத்தில் விழுந்தது. 2024-ல் சுமார் 300 வீடுகளுக்குச் சேதம். 2025-ல் வெள்ளம் இன்னும் உயர்ந்தது, தற்காலிகத் தடுப்புச் சுவர் பெரும்பாலான வீடுகளைக் காப்பாற்றியது. நாம் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற ஐஸ், அவர்கள் வீட்டு வாசலுக்குத் தண்ணீராக வருகிறது.

சரி, ஐந்தொகை. கப்பலுக்குள் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் சுமார். கேசினோ, நகைக்கடை, ஸ்பெஷல் டின்னர் எதுவும் இல்லாமலே போய் வரலாம். டெக்கில் குளிரில் நின்று சும்மா பார்த்தவை மட்டும் தங்கின. அதிகாலையில் வாலைத் தூக்கிக் காட்டிய திமிங்கலம், ராத்திரி பத்து மணிக்கும் போகாத வெளிச்சம், அந்த வெள்ளை இடி. ஆகவே உள்ளறை போதும், மிச்சமாகும் காசுக்கு நல்ல ஜாக்கெட் வாங்குங்கள்.

கையில் இப்போது பணம் இல்லையா? தபால் ஆபீஸில் ஐந்து வருட ஆர்.டி. ஒன்று ஆரம்பியுங்கள். அதற்குள் பனியாறு காணாமல் போய்விடாது. கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

எதற்கும் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள்.