வீட்டு ஊர்திக்கு ஏற்ற மின்கலன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சோனோரா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூர் உள்ளது. கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். குளிர்காலம் வந்துவிட்டாலோ ஊரின் தோற்றமே மாறிவிடும். வடக்கு மாநிலங்களின் பனியிலிருந்து தப்பிக்க விரும்பும் மக்கள் ஆயிரக்கணக்கான வீட்டு ஊர்திகளில் அங்கு வந்து சேர்வார்கள். ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் அனுமதி பெற்று அவர்கள் மாதக்கணக்கில் தங்கலாம். ஆனால், ஊர்தி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது.

வீட்டு ஊர்தி என்பது சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை, குளிர்பதனப் பெட்டி ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கியிருக்கும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் அந்த வீட்டுக்கு உயிரூட்டுவது மின்கலன். பகலில் கூரைமீதுள்ள சூரியத் தகடு மின்கலனை நிரப்புகிறது. இரவில் மின்கலன் ஊர்திக்கு மின்சாரம் தருகிறது. பழைய மின்கலன் வலுவிழந்துவிட்டால் புதியது வாங்க வேண்டும். கேட்பதற்கு இஃது எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில், தவறான மின்கலனைத் தேர்ந்தெடுப்பவர்கள் பணத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் இழக்க நேரிடும்.

இத்தகைய ஊர்திகளில் நேரக்கூடிய ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓய்வுபெற்ற தம்பதியர் இருவர் பாலைவனத்தில் தங்கியிருக்கின்றனர். கணவருக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உண்டு. ஆகவே, இரவு முழுவதும் சுவாசக் கருவியை அணிந்துகொண்டுதான் அவர் உறங்குவார். இரண்டாம் நாள் இரவு, விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கு மங்குகிறது. சூடேற்றியின் காற்றாடி நின்றுபோகிறது. சுவாசக் கருவியும் ஓய்ந்துவிடுகிறது. மூச்சுத் திணறி விழித்த கணவரைத் தேற்றியபடி மனைவி விடியும்வரை கண்விழித்திருக்கிறார். மறுநாள் அவர்கள் கடைக்குச் சென்று, அதே பெட்டியில் பொருந்தும் புதிய மின்கலன் ஒன்றை வாங்குகின்றனர். அடுத்த குளிர்காலத்திலும் அதே இரவு, அதே இருட்டு, அதே திணறல். குறை மின்கலனில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புலப்படுகிறது.

புதிய மின்கலன் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. அவற்றுள் முதலாவது, 'இந்த மின்கலன் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது?' என்பதாகும். மகிழுந்தின் இயந்திரத்தை முடுக்கும் மின்கலன், சில வினாடிகளுக்கு மட்டும் மிகப் பெரிய மின்னோட்டத்தைத் தர வேண்டும். அதற்காக அதனுள் மெல்லிய ஈயத் தகடுகள் பல அடுக்கப்பட்டுள்ளன. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்கலன் மீண்டும் நிரப்பப்பட்டுவிடும். வீட்டு ஊர்திக்குத் தேவைப்படுவதோ மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மின்சாரம் தரும் மின்கலன். ஆழமாக இறங்கி மீண்டும் நிரம்பும் இச்செயல் நாள்தோறும் நிகழும். ஆகவேதான் இதனை ஆழ்சுழற்சி மின்கலன் என்பர். இதன் தகடுகள் தடிமனானவை. முடுக்கும் மின்கலனை இந்த வேலையில் ஈடுபடுத்தினால், அதன் மெல்லிய தகடுகள் விரைவில் சிதைந்துவிடும். நூறு மீட்டர் ஓட்ட வீரரை நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு அனுப்புவது போன்றது அது.

இரண்டாவது கேள்வி, 'ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை?' என்பதாகும். மின்கலனின் கொள்ளளவை ஆம்பியர்-மணி என்னும் அலகால் குறிப்பிடுவர். ஒரு கருவி எடுக்கும் மின்னோட்டத்தை, அஃது இயங்கும் நேரத்தால் பெருக்கினால் அதன் தேவை கிடைத்துவிடும். அத்தம்பதியர் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிடுகின்றனர். விளக்குகள் 2 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் எரிந்தால் 10 ஆம்பியர்-மணி. எரிவாயுச் சூடேற்றியின் காற்றாடி 7 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் சுழன்றால் 35. சுவாசக் கருவி 2.5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம் இயங்கினால் 20. நீர் இறைக்கும் விசைப்பம்பு 6 ஆம்பியர் வீதம் அரை மணி நேரம் இயங்கினால் 3. எரிவாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி அரை ஆம்பியர் வீதம் நாள் முழுவதும் இயங்குவதால் 12. கைப்பேசி, கணினி ஆகியவற்றுக்கு மேலும் 12. ஆக மொத்தம் 92 ஆம்பியர்-மணி.

அவர்கள் வாங்கிய மின்கலனின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்டிருந்தது. 92-ஐவிட 100 பெரிது. பிறகு ஏன் அது போதவில்லை? இங்குதான் மூன்றாவது கேள்வி எழுகிறது: 'எழுதப்பட்ட அளவில் எவ்வளவைப் பயன்படுத்தலாம்?' ஈய-அமில மின்கலனின் அளவு பொதுவாக 20 மணி நேரக் கணக்கில் குறிக்கப்படுகிறது. அதாவது, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் 100 ஆம்பியர்-மணி கிடைக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் கிடைக்கும் அளவு குறையும். இந்தத் தொடர்பை வில்ஹெல்ம் பொய்க்கெர்ட் என்னும் ஜெர்மானியர் 1897-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

அதைவிட முக்கியமானது ஆழம். ஈய-அமில மின்கலன் மின்சாரம் தரும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றம் செய்தால் அப்படிவு கரைந்துவிடும். மின்கலன் காலியாகவோ அரைகுறையாகவோ நெடுநாள் கிடந்தால் அப்படிவு கெட்டியான படிகமாக மாறிவிடும், பிறகு கரையாது. அதனால் மின்கலனின் கொள்ளளவு நாளுக்கு நாள் சுருங்கும். இக்காரணத்தால், ஈய-அமில மின்கலனில் பாதி அளவை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. 100 என்று எழுதப்பட்டிருந்தாலும் அதை 50 என்றே கொள்ள வேண்டும். 'ஆழமறியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி ஆற்றுக்கு மட்டுமன்றி மின்கலனுக்கும் பொருந்துகிறது.

நான்காவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகின்றனர்: 'எடுத்த மின்சாரத்தை யார் திருப்பி நிரப்புவது?' அத்தம்பதியரின் ஊர்திக் கூரையில் 200 வாட் சூரியத் தகடு ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், கூரையில் படுத்த நிலையில் இருக்கும் தகட்டுக்கு ஏறத்தாழ 4 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளிதான் கிடைக்கும் எனக் கொள்ளலாம். அதன்படி ஒரு நாள் வரவு ஏறத்தாழ 60 ஆம்பியர்-மணி, செலவோ 92. முதல் இரவு கழிந்ததும் மின்கலனில் எஞ்சியது 8. மறுநாள் வெயில் 60-ஐச் சேர்த்தாலும் மொத்தம் 68 மட்டுமே. இரண்டாம் இரவு விடியும் முன்னரே அது தீர்ந்துபோவதில் வியப்பில்லை. எவ்வளவு புதிய மின்கலனை வைத்தாலும் அந்த ஊர்தியில் அதே நிலைதான் ஏற்பட்டிருக்கும். ஓட்டைக் குடத்தை மாற்றிவிட்டோம் என்று நினைத்தவர்கள், ஊற்றும் நீரே போதவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மின்கலனின் வகையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைகள் விற்கப்படுகின்றன. முதலாவது, நீர்ம ஈய-அமில மின்கலன். பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்தே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த மின்கலனின் வழிவந்தது இது. விலை குறைவு, பழுதாகும்வரை நன்கு உழைக்கும். ஆனால், அவ்வப்போது காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். மின்னேற்றம் நடைபெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமான பெட்டியில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணாடியிழைப் பாய் மின்கலன். இதுவும் ஈய-அமில வகையே. ஆனால், அமிலம் மெல்லிய கண்ணாடியிழைப் பாயில் ஊறிய நிலையில் இருக்கும். எனவே, சிந்தாது, நீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை சற்று அதிகம். இதிலும் பாதி அளவைப் பயன்படுத்துவதே நல்லது.

மூன்றாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலன். இதற்கு அடிப்படையான ஆய்வை ஜான் குட்எனஃப் குழுவினர் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லித்தியம் அயனி மின்கலன்களை உருவாக்கிய பணிக்காக 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இவ்வகை மின்கலனில் 80 விழுக்காடு அல்லது அதற்கும் மேலாகப் பயன்படுத்தலாம். 100 ஆம்பியர்-மணி கொண்ட கண்ணாடியிழைப் பாய் மின்கலன் ஏறத்தாழ 30 கிலோகிராம் இருக்கும். அதே அளவு லித்தியம் மின்கலன் அதில் பாதியைக்கூட எட்டாது. ஈராயிரம் முறைக்கு மேலும் அதனை நிரப்பி இறக்கலாம். எனினும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அதற்கேற்ற மின்னேற்றி வேண்டும். பழைய ஈய-அமில மின்னேற்றி பொருந்தாமல் போகலாம். உறைநிலைக்குக் கீழ் அதனை மின்னேற்றம் செய்யக்கூடாது. செய்தால் உட்பகுதி நிலையாகப் பழுதடையும். பனிமலைப் பகுதிகளுக்குச் செல்பவர்கள் இதனை மறக்கலாகாது.

விலையை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. ஒரு மின்கலன் மற்றொன்றைவிட மும்மடங்கு விலையாக இருக்கலாம். ஆனால், அது ஐந்து மடங்கு காலம் உழைத்தால் உண்மையில் மலிவானது அதுதான். மாறாக, ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் பயணம் செய்பவருக்கு அந்த நீண்ட ஆயுளால் பெரும் பயன் இல்லை. ஆகவே, எல்லாருக்கும் ஏற்ற ஒரே மின்கலன் என எதுவும் இல்லை.

அத்தம்பதியர் முதலில் செலவைக் குறைக்கின்றனர். தடித்த போர்வைகளைப் பயன்படுத்திச் சூடேற்றியின் நேரத்தை 5 மணியிலிருந்து 3 மணியாக்குகின்றனர். அதனால் 14 ஆம்பியர்-மணி மிச்சமாகித் தேவை 78-ஆகக் குறைகிறது. அடுத்து, மேலும் ஒரு 200 வாட் தகட்டைக் கூரையில் பொருத்துகின்றனர். வரவு இரு மடங்காகிறது. அதன் பின்னரே மின்கலன் வாங்குகின்றனர். அமெரிக்காவில் குழிப்பந்து வண்டிகளுக்காகச் செய்யப்படும் 6 வோல்ட் ஆழ்சுழற்சி மின்கலன்கள் எளிதில் கிடைக்கும். 220 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். கொள்ளளவு 220-ஆகவே இருக்கும். அதில் பாதி 110, தேவையோ 78. பழைய மின்னேற்றியையும் மாற்ற வேண்டியதில்லை. மாதந்தோறும் நீரைச் சரிபார்க்க அவர்களுக்கு நேரமும் உண்டு. எனவே, புதுமையானதை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கின்றனர். மேகமூட்டமான நாளில் சுவாசக் கருவி நின்றுவிடாதிருக்க, அதற்கெனத் தனியாக ஒரு சிறு மின்கலனையும் நிரப்பி வைத்துக்கொள்கின்றனர்.

பொருத்தும்போதும் சில விதிகளைப் பின்பற்ற வேண்டும். பழைய மின்கலனைப் புதியதோடு சேர்த்து இணைக்கக்கூடாது. பழையதன் நலிவு புதியதையும் கெடுக்கும். கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் நீக்க வேண்டும். அருகில் தீப்பொறி கூடாது. அமிலம் தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அணிதல் அவசியம். பழைய மின்கலனைக் குப்பையில் எறியலாகாது. அதிலுள்ள ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். கடையில் ஒப்படைத்தால் அந்த ஈயம் மறுசுழற்சி செய்யப்பட்டுப் புதிய மின்கலனாகும்.

அதன்பின், நாள்தோறும் காலையில் மின்னழுத்தத்தைப் பார்ப்பது அத்தம்பதியரின் வழக்கமாகிறது. சில மணி நேரம் ஓய்விலிருந்த ஈய-அமில மின்கலன் 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் காட்டினால் நிரம்பியுள்ளது எனலாம், 12.2 வோல்ட் அளவில் இருந்தால் பாதி தீர்ந்துவிட்டது எனலாம். அந்த எண்ணுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால், பாலைவன இரவு எவ்வளவு நீண்டாலும் சுவாசக் கருவி விடியும்வரை இயங்கும். கடைக்குப் போகும் முன் தாளில் போட்ட கணக்கே அவர்களுக்கு அந்த நிம்மதியான உறக்கத்தைத் தந்தது.