மீன் குட்டை அழுக்கை உறிஞ்சும் செடிகள்: கொல்லிமலை ஓடைகளை காக்க எளிய வழி

கொல்லிமலை:

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை அரப்பளீஸ்வரர் கோவிலுக்கு வரும் பக்தர்கள், ஐயாற்று மீன்களுக்கு இரை போட்டு கும்பிடுவது வழக்கம். இந்த ஆறுதான் ஆகாய கங்கை அருவியாக கொட்டி, அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. மலையில் யார் மீன் வளர்த்தாலும், குட்டையில் இருந்து திறந்து விடும் தண்ணி ஏதாவது ஒரு ஓடை வழியாக கீழே உள்ளவர்களிடம்தான் போய் சேரும். அதை அப்படியே விடலாமா?

அழுக்கு எப்படி சேருது?

தீவனத்தில் உள்ள நைட்ரஜன் சத்தில் சுமார் கால் பங்குதான் மீன் உடம்பில் ஒட்டும். மீதி கழிவாகவும், தின்னாமல் மிஞ்சிய தீவனமாகவும் தண்ணியிலேயே தங்கி விடும். அது அம்மோனியாவாக மாறி மீனுக்கே விஷமாகும். கூடவே பாசி மண்டினால் ராத்திரியில் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயை பிளப்பது இதனால்தான்.

செடி என்ன செய்யும்?

மீனுக்கு விஷமான அம்மோனியா, செடிக்கு உரம். ‘டக்வீட்’ என்ற குட்டி மிதக்கும் செடி, வெயிலும் சத்தும் கிடைத்தால் 2, 3 நாளில் இரட்டிப்பாகி விடும். புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், ஊர் சாக்கடை தண்ணியையே டக்வீட் தொட்டியில் தேக்கி சுத்தப்படுத்தி, பிறகு மீன் குளத்துக்கு விடும் முறையை உருவாக்கி உள்ளது.

மீன் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது வருமாறு:-

1. குட்டை தண்ணியை முதலில் ஒரு குழியில் தேக்கி வண்டலை படிய விட வேண்டும்.

2. தெளிந்த தண்ணியை ஆழம் குறைந்த டக்வீட் தொட்டிக்கு விட வேண்டும்.

3. கடைசியாக, ஜல்லி நிரப்பி கல்வாழை நட்ட பாத்தி வழியாக விட வேண்டும். வேரிலும் ஜல்லியிலும் வாழும் பாக்டீரியாக்கள் மிச்ச அழுக்கை தின்று விடும்.

இந்த தண்ணியை மீண்டும் குட்டைக்கோ, வாழை, மிளகு, காபி தோட்டத்துக்கோ விடலாம். குடிக்க கூடாது.

அள்ளாவிட்டால் வீண்

செடியை வளர விட்டால் மட்டும் போதாது. 2, 3 நாளுக்கு ஒரு முறை ஒரு பகுதியை அள்ளி வெளியே எடுக்க வேண்டும். விட்டால் அழுகி, உறிஞ்சிய அழுக்கை திரும்ப தண்ணியிலேயே கக்கி விடும். அள்ளியதை புல்கெண்டை மீன், வாத்து, கோழிக்கு போடலாம். தீவன செலவும் குறையும். பனிக்காலத்தில் செடி மெதுவாகத்தான் வளரும். அப்போது மீனும் குறைவாகவே தின்னும் என்பதால் தீவனத்தையும் குறைக்க வேண்டும்.

ஆகாயத்தாமரை வேண்டாம்

ஆகாயத்தாமரையும் அழுக்கை நன்றாக உறிஞ்சும். ஆனால் ஒரு மழைக்கு அது ஓடையில் தப்பி விட்டால் போதும், அடிவாரத்து ஏரி, குளங்களை மூடி விடும். பிறகு அதை ஒழிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.