கேட் கடிகாரமும் எடைமேடைக் கடிகாரமும்

போன விடுமுறையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலையில் டிரெய்லர் டிரைவர் அண்ணன் ஒருவரை ஆபீசில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கையில் இரண்டு சீட்டு. கேட்டில் நுழைந்தது 6.10 என்றது ஒன்று. உள்ளே எடைமேடையில் எடை போட்டது 6.05 என்றது மற்றொன்று. நுழையும் முன்பே எடையா? போலிச் சீட்டு என்று அவருடைய வாடகையை நிறுத்திவிட்டார்கள்.

"நைட்டு பூரா க்யூல நின்னேன் தம்பி. சீட்டு உங்க மெஷின்தானே குடுத்துச்சு?" என்றார்.

போய்ப் பார்த்தேன். எடைமேடைக் கணிப்பொறி 8 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது!

கணிப்பொறியின் கடிகாரம் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 விநாடி, வருஷத்துக்குப் பத்து நிமிடம். சூட்டுக்கு ஏற்பப் பிசகும் மாறும். அந்த எடைமேடை கேபினோ தகர ஷெட்!

இது நம்ம பேட்டைக்குப் புதிதல்ல. ராயபுரத்திலிருந்து 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் ஊருக்கு ஊர் வேறு நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. அதைத் தந்தியில் வாங்கித்தான் ரயில்வே தன் கடிகாரங்களைத் திருத்தியது. 5.30 என்ற இந்திய நேரம் வந்தது 1906-ல்.

தந்தி செய்ததை இன்று நெட்வொர்க் செய்கிறது. அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் வகுத்து 1985-ல் வெளியான முறைக்கு என்.டி.பி. என்று பெயர். நம் மெஷின் 10.00.00-க்கு 'மணி என்ன?' என்று கேட்கிறது. சர்வர் '10.08.01' என்கிறது. பதில் வந்து சேரும்போது நம் கடிகாரத்தில் 10.00.02. போகவர 2 விநாடி, அதில் பாதி 1. ஆக சர்வர் 10.08.01 என்றபோது நம்முடையது 10.00.01. பிசகு சரியாக 8 நிமிடம். (போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுத்தால்தான் இக்கணக்கு பொருந்தும்.)

சின்னப் பிசகை மென்பொருள் சட்டென்று தள்ளாது. கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிக்கட்டும். பின்னால் தள்ளினால் ஒரே நிமிடம் இருமுறை வந்து பதிவுகள் குழம்பிவிடுமே! பழைய என்.டி.பி. மென்பொருள் விநாடிக்கு அரை மில்லிவிநாடிதான் இழுக்கும். 8 நிமிடத்துக்கு 11 நாள் ஆகும். ஆகவே வண்டி இல்லாத நேரம் பார்த்து ஒரே தாவலில் திருத்தினோம்.

டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைக் காக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த மத்திய அரசு உத்தரவும், நிறுவனங்கள் அந்த ஆய்வக சர்வரையோ என்.ஐ.சி. சர்வரையோ பின்பற்ற வேண்டும் என்கிறது. யார்டில் கேட் மெஷினுக்கு மட்டுமே இன்டர்நெட். அதில் குரோனி என்ற இலவச மென்பொருளைப் போட்டு டெல்லி நேரத்தை வாங்கி, எடைமேடைக்கு அங்கிருந்தே கொடுத்தோம்.

அண்ணனுக்கு வாடகை மூன்றாம் நாள் கிடைத்தது. போலி என்று சொன்னவர் மட்டும் அதைப்பற்றி அப்புறம் பேசவேயில்லை.