ஒரு பென்னிப் பாட்டுப் புத்தகம்

எடின்பரோவில் ‘மவுண்ட்’ என்ற மேட்டின்மேல் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. 1999-லிருந்து 2004 வரை ஸ்காட்லாந்தின் புதிய நாடாளுமன்றம் கூடியது அங்கேதான். 1874-இல் அது ஸ்காட்லாந்து சுதந்திர சபைக்குச் சொந்தம். அந்த ஆண்டு ஒருநாள், பிரசங்கம் முடிந்ததும் ஓர் அமெரிக்கர் சின்ன ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். கிளாஸ்கோவில் ரயில் ஏறுமுன் வாங்கிய பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்திருந்த கவிதைத் துண்டு எதிரே இருந்தது. காணாமற்போன ஆட்டைப் பற்றிய கவிதை. எழுதிய எலிசபெத் கிளெஃபேன் இறந்து ஐந்து வருடமாகியிருந்தது. மெட்டு கிடையாது. பாடப்பாடவே மெட்டு பிறந்தது என்று அந்த அமெரிக்கரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அவர்தான் ஐரா சாங்கி. பென்சில்வேனியாவில் அரசாங்க வரி வசூல் உத்தியோகம் பார்த்தவர். 1870-இல் இண்டியானாபொலிஸில் ஒரு விடியற்காலைக் கூட்டத்தில் இவர் பாடியதைக் கேட்ட பிரசங்கியார் டி.எல். மூடி விடவில்லை, உத்தியோகத்தை விடவைத்துத் தம்மோடு கூட்டிக்கொண்டார்.

இருவரும் வந்திறங்கிய அன்றைய ஸ்காட்லாந்தின் ஆலயங்கள் பலவற்றில் தாவீதின் சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டு கிடையாது, வாத்தியமும் கிடையாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை பின்தொடரும். ஆர்கனுக்கு அங்கே ‘விசில் பெட்டி’ என்று கேலிப்பெயர். அந்த ஊரில் போய் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தனிப்பாட்டுப் பாட நெஞ்சுரம் வேண்டும்.

சாங்கியின் கையில் முதலில் இருந்தது இன்னொருவரின் பாட்டுப் புத்தகமும், தாம் சேர்த்து ஒட்டிவைத்த தனிப்பாட்டுகளும்தான். அவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்க்க அந்தப் புத்தகத்தின் பதிப்பாளர் மறுத்துவிட்டார். 1873-இல் லண்டனின் மார்கன் அண்ட் ஸ்காட் துணிந்து ஒரு மெல்லிய பிரசுரமாக வெளியிட்டது. சுரத்தோடு ஆறு பென்னி. வார்த்தைகள் மட்டும் என்றால் ஒரு பென்னி. ‘சேக்ரட் சாங்ஸ் அண்ட் சோலோஸ்’ என்ற அந்தப் பிரசுரம் 1903-க்குள் 1200 பாட்டுகள் கொண்ட தடித்த புத்தகமாகிவிட்டது.

பணமும் அப்படியே பெருகியது. மூடியும் சாங்கியும் அந்த ராயல்டியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் வந்தது சிகாகோவில் பாதியில் நின்ற ஆலயத்தைக் கட்டி முடித்தது. அமெரிக்கப் பதிப்பின் ராயல்டிக்குத் தனியே அறங்காவலர்களை வைத்தார்கள். 1885-க்குள் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து நற்காரியங்களுக்குப் போனது. இருந்தும் ‘பாட்டை விற்றுப் பிழைக்கிறார்கள்’ என்ற பேச்சு ஓயவில்லை. சாங்கி ஒன்றும் வியாபாரம் அறியாத சாமியாருமல்ல. 1895-இல் பிக்லோ அண்ட் மெயின் என்ற இசைப் பதிப்பகத்துக்கே தலைவரானார்.

கடைசிக் காலம் கொடியது. பாட்டுகளின் கதையை எழுதி முடித்த கையெழுத்துப் பிரதி 1902-இல் பேட்டில் கிரீக் சானடோரியத் தீயில் வெந்தது. அடுத்த ஆண்டு பார்வையும் போயிற்று. நினைவிலிருந்தே மறுபடி உருவாக்கிய நூல் 1906-இல் வெளிவந்தது. 1908-இல் புரூக்லினில் காலமானார்.

இன்று பல சபைகளில் பெஞ்சில் பாட்டுப் புத்தகம் கிடையாது, சுவரில் திரைதான். காப்புரிமை உள்ள பாட்டென்றால், அதில் வார்த்தைகளைக் காட்ட உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய சி.சி.எல்.ஐ. நிறுவனம், சபையின் ஆள்கணக்கைப் பார்த்து ஆண்டுக் கட்டணம் வாங்கிப் பாட்டுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இதில் எனக்குக் குறையில்லை. பாட்டெழுதியவனுக்கும் வயிறு உண்டு. திரையில் சுரம் இல்லையே என்று புலம்புகிறவர்களோடும் நான் முழுதாகச் சேரமாட்டேன். ஒரு பென்னிப் புத்தகத்திலும் சுரம் இல்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே சுரப் புத்தகமும், அது புரியாதவருக்குச் சுரத்தை எழுத்தால் குறிக்கும் சோல்ஃபா பதிப்பும் கிடைத்தன. சாதாரண வேலைக்காரனும் டெனர் பாடக் கற்றான். திரை வந்த பல இடங்களில் நாலு பாகமாகப் பாடிய குரல்கள் ஒரே குரலாகிவிட்டன. அதுதான் உண்மையான நஷ்டம்.

எடின்பரோ கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. சுதந்திர சபை 1883-இல் வாத்தியங்களை அனுமதித்தது. 1900-இல் அது வேறொரு சபையோடு இணைந்தபோது, சேராமல் தனித்து நின்ற சிறு பிரிவு பழையபடி சங்கீதத்துக்கே திரும்பியது. அவர்கள் ஞானப்பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் கதவைத் திறந்தது 2010 நவம்பரில். ஆதரவு 98 வாக்கு, எதிர்ப்பு 84.